வகுப்பறை அரபும் வீதி அரபும்

எகிப்தின் தலைநகரான கெய்ரோவில் காலை ஏழு மணி. ரொட்டிக் கடையின் முன்னால் நீண்ட வரிசை நிற்கிறது. மலேசியாவிலிருந்து அரபு மொழி பயில வந்த மாணவர் ஒருவர், தம் முறை வந்ததும், 'குப்ஸ்' வேண்டும் என்று கேட்கிறார். பாடநூலில் ரொட்டிக்கு அதுதான் சொல். கடைக்காரருக்குப் பொருள் புரிகிறது. ஆயினும் அவர் முகத்தில் புன்னகை அரும்புகிறது. "ஏஷ்!" என்று திருத்திவிட்டு, சூடான வட்ட ரொட்டிகளை எடுத்துத் தருகிறார். 'ஏஷ்' என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் 'வாழ்வு'. எகிப்தியர் தங்கள் அன்றாட உணவான ரொட்டியை அப்பெயராலேயே அழைக்கின்றனர். வகுப்புக்குச் செல்லும் முன்பே அந்த மாணவருக்கு அன்றைய முதல் பாடம் கிடைத்துவிட்டது.

கெய்ரோவுக்குக் கல்வி தேடிச் செல்லும் வழக்கம் புதியதன்று. அங்குள்ள அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் கட்டுமானம் 970ஆம் ஆண்டில் தொடங்கியது. அதையொட்டி வளர்ந்த கல்விக்கூடம் இன்று பெரும் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. முற்காலத்தில் ஒவ்வொரு நாட்டு மாணவரும் தங்கிப் படிப்பதற்கு அங்கே தனித்தனிப் பகுதிகள் இருந்தன. அவற்றை 'ரிவாக்' என்றனர். 19ஆம் நூற்றாண்டில் தென்கிழக்காசிய மாணவர்களுக்கென்று 'ஜாவா ரிவாக்' என்ற பகுதியும் இருந்தது. இன்றும் மலேசிய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் எகிப்தில் பயில்கின்றனர். சமயக் கல்வி பெறச் செல்வோரும் உண்டு. மொழியை மட்டுமே கற்கச் செல்வோரும் உண்டு.

வகுப்பறையில் முதலில் வருவது எழுத்து. அரபு மொழியில் 28 எழுத்துகள் உள்ளன. அவை வலமிருந்து இடமாக எழுதப்படும். ஒரே எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவிலும், நடுவில் ஒரு வடிவிலும், இறுதியில் வேறொரு வடிவிலும் வரும். ஜாவி எழுத்தை அறிந்த மலேசிய மாணவருக்கு இது பெரிய தடையன்று. உண்மையான தடை ஒலிப்பில்தான் உள்ளது. அரபு மொழியில் இருவகைக் ககர ஒலிகள் உள்ளன. தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் ககரத்தால் ஒலித்தால் 'கல்ப்' என்பது 'இதயம்' எனப் பொருள்படும். வழக்கமான ககரத்தால் ஒலித்தால் அதுவே 'நாய்' என்றாகிவிடும். 'பள்ளி', 'பல்லி' என்னும் சொற்களைப் பிழையின்றி ஒலிக்கப் பழகிய தமிழ் மாணவருக்கு இத்தகைய பயிற்சியின் அருமை எளிதில் விளங்கும்.

அடுத்து வருவது சொல்லின் வேர். பெரும்பாலான அரபுச் சொற்கள் மூன்று மெய்யெழுத்துகளாலான வேரிலிருந்து பிறக்கின்றன. 'க், த், ப்' என்னும் வேர் எழுதுதலைக் குறிக்கும். அதிலிருந்து 'கிதாப்' (நூல்), 'காதிப்' (எழுத்தாளர்), 'மக்தப்' (அலுவலகம்), 'மக்தபா' (நூலகம்) முதலிய சொற்கள் தோன்றுகின்றன. வேர் அடிப்படையில் அமைந்த அகராதியில் 'மக்தபா'வை மகர வரிசையில் தேடினால் கிடைக்காது. வேருக்கு உரிய இடத்தில்தான் தேடவேண்டும். 'வந்தான்' என்னும் சொல்லின் பொருளைத் தமிழ் அகராதியில் 'வா' என்ற இடத்தில் தேடுவதைப் போன்றது இது. தொடக்கப் பாடநூல்களில் குறில் உயிரொலிகளைக் காட்டும் குறிகள் இருக்கும். நாளிதழ்களிலும் பெரும்பாலான நூல்களிலும் அவை இரா. நடைவண்டியை விட்டுவிட்டு நடக்கப் பழகும் குழந்தையைப் போல, மாணவர் இடமறிந்து தாமே உயிரொலி சேர்த்துப் படிக்கவேண்டும்.

இவ்வாறு வகுப்பில் கற்பிக்கப்படும் அரபு 'ஃபுஸ்ஹா' எனப்படும். நூல்களுக்கும் செய்திகளுக்கும் மேடைப் பேச்சுக்கும் உரிய செம்மொழி அது. ஐக்கிய நாடுகள் மன்றம் 1973ஆம் ஆண்டில் அரபு மொழியைத் தன் அலுவல் மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. அங்கே ஒலிப்பதும் இந்த அரபுதான். ஆனால், வீட்டிலும் கடையிலும் பேருந்திலும் மக்கள் பேசுவது 'ஆம்மியா' என்னும் பேச்சுமொழி. "என்ன வேண்டும்?" என்பதற்கு ஃபுஸ்ஹாவில் "மாதா துரீது?" என்பர், கெய்ரோ வீதியில் அது "ஆயிஸ் ஏ?" என்று ஒலிக்கும். செந்தமிழுக்கும் பேச்சுத்தமிழுக்கும் வேறுபாடு இருப்பது போன்றதே இது. அரபு மொழியில் அந்த இடைவெளி சில இடங்களில் இன்னும் அகலமானது. சொல்லே முற்றிலும் மாறிவிடும். மொரோக்கோவின் பேச்சுமொழியோ எகிப்தியருக்கே எளிதில் புரிவதில்லை.

வீதியில் எண்களும் புதியவரைச் சோதிக்கும். எகிப்தில் பல பேருந்துகளிலும் விலைப் பலகைகளிலும் வேறு வடிவ எண்களைக் காணலாம். அவற்றில் சிறு புள்ளி சுழியத்தைக் குறிக்கும்; சுழியம் போன்ற வட்டம் ஐந்தைக் குறிக்கும். 25 என்பதை 'ஐந்தும் இருபதும்' என்று, சிறிய எண்ணை முதலில் கூறுவர். விலையைத் தவறாகக் கேட்டுக்கொண்டு பணத்தை எண்ணி விழிக்காத மாணவர் மிகச் சிலரே. எனினும், மலாய்மொழி அறிந்தவருக்கு ஒரு வசதி உண்டு. அஹாட், இஸ்னின், செலாசா என்னும் கிழமைப் பெயர்கள் அரபு மொழியிலிருந்து வந்தவை. தமிழில் வழங்கும் 'வசூல்', 'பாக்கி', 'வக்கீல்' ஆகியவையும் அரபு மூலத்தைக் கொண்டவையே. அலுவலகத்தில் சான்றிதழின் 'அஸ்ல்' எங்கே என்று கேட்கும்போது, 'அசல்' என்னும் சொல்லை அறிந்த மாணவர் திகைக்கமாட்டார்.

மாலையில் மாணவர் தம் விடுதிக்குத் திரும்புகிறார். பலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு அது. உடன் தங்கியிருப்போர் அனைவரும் மலேசியர். அடுக்களையில் சம்பால் மணக்கிறது. பேச்சு முழுவதும் தாய்நாட்டு மொழிகளில் நடக்கிறது. குளிர்காலத்தில் நடுங்கும் புதியவருக்குக் கம்பளி கொடுப்பவரும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பவரும் இந்த நண்பர்களே. அயல்நாட்டு வாழ்வில் இத்துணை இன்றியமையாதது. ஆனால், மொழி கற்பவருக்கு மறைவான இடர் ஒன்றும் இங்கேதான் இருக்கிறது. கடைக்குப் போவதையும் வீட்டு உரிமையாளரிடம் பேசுவதையும் மூத்த மாணவரிடமே விட்டுவிட்டால், ஆண்டுகள் கழிந்தாலும் நாவு திறக்காது. குறிப்புகளை மனனம் செய்து தேர்வில் வெற்றி பெறலாம். ஆனால் விரிவுரையாளர் இடையிடையே பேச்சுமொழிக்கு மாறும்போது பாடத்தின் பாதி கைநழுவிப்போகும். பேச்சுமொழியை மட்டும் பிடித்துக்கொண்டவருக்கோ நூலும் தேர்வுத்தாளும் எட்டாக்கனியாகிவிடும்.

ஆகவே, முயற்சியுள்ள மாணவர் இரண்டையும் விடுவதில்லை. ஒரு குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் வரைந்து, வகுப்பில் கேட்ட சொல்லை ஒன்றிலும் அதற்கு வீதியில் வழங்கும் சொல்லை மற்றொன்றிலும் எழுதிவைக்கிறார். ரொட்டி வாங்கும் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெறுகிறார். அவித்த அவரை விதையால் ஆன 'ஃபூல்' விற்கும் வண்டியருகே நின்று உண்கிறார். பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு கேள்வியாவது கேட்கிறார். பிழையாகப் பேசும்போது சிலர் சிரிப்பார்கள். அச்சிரிப்பில் பெரும்பாலும் ஏளனத்தைவிட வியப்பே மிகுந்திருக்கும். அதைத் தாங்கிக்கொள்பவருக்கு மறுநாள் அச்சொல் பிழையின்றி வரும்.

இரவு வீட்டிற்கு அழைத்துப் பேச எண்ணினால், மலேசியாவில் நள்ளிரவு கடந்திருக்கும். நேர வேறுபாடு ஐந்து அல்லது ஆறு மணி. தாயின் குரலைக் கேட்க விடியும்வரை காத்திருக்கவேண்டும். அந்த அமைதியான நேரத்தில் மாணவர் குறிப்பேட்டைத் திறக்கிறார். ஒரு பத்தியில் 'குப்ஸ்' என்று எழுதுகிறார். அதற்கு நேரே மற்றொன்றில் 'ஏஷ்' என்று எழுதுகிறார். முதற்சொல் அவருக்கு நூல்களின் கதவைத் திறக்கும். இரண்டாம் சொல் மனிதர்களின் கதவைத் திறக்கும்.