பட்டறை பறித்த விரலும் பாரெங்கும் ஒலித்த தட்டும்

இசைத்தட்டு ஒன்றைப் பற்றி எழுதுகிறோம். "இந்தப் பத்தியிலே வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கூச்சலுக்கா இடம்?" என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்திடுக! பட்டறையிலே உழைத்துப் பிழைப்போர் அறிந்திட வேண்டிய கதை இது.

இங்கிலாந்து நாட்டிலே பர்மிங்காம் நகரம். அதிலே ஆஸ்டன் என்றொரு தொழிலாளர் பேட்டை. அங்கே வளர்ந்த நான்கு இளைஞர்கள் டோனி அயோமி, ஆஸி ஆஸ்போர்ன், கீசர் பட்லர், பில் வார்டு. சீமான் வீட்டுச் செல்லப் பிள்ளைகள் அல்லர். ஆஸி கசாப்புக் கூடத்திலே கூலி வேலை செய்தவர். கார் ஹாரன்களின் ஓசையைச் சரிபார்க்கும் ஆலைப்பணியும் பார்த்தவர். டோனி தகரப் பட்டறைத் தொழிலாளி.

1965. டோனிக்கு வயது 17. இசைக்குழு ஒன்றுடன் வெளிநாடு செல்ல ஏற்பாடாகிவிட்டது. பட்டறையிலே அன்று கடைசி நாள். பகலுணவுக்கு வீட்டுக்கு வந்தவர், "இனிப் போகமாட்டேன்" என்றார். ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பினார் தாய். போனார். வழக்கமாக இயந்திரத்தை இயக்குபவர் அன்று வரவில்லை. பழக்கமில்லாத பையனை அங்கே நிறுத்தினர். இறங்கியது இயந்திரம்! வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குக் கிதார்த் தந்தியை அழுத்தும் கை அதுதான்!

இனி வாசிக்க முடியாது என்றனர் மருத்துவர்கள். ஆனால் பட்டறை மேலாளர் ஒருவர் இசைத்தட்டொன்றை எடுத்துவந்து கேட்கச் செய்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற மேதையின் வாசிப்பு அது. 1928-இல் தீயிலே கை கருகி, இரண்டே விரல்களால் தந்தியை ஆண்டவர் அந்த ஜாங்கோ. கேட்டார் டோனி, எழுந்தார்! பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் தொப்பி செய்தார். பழைய தோல் சட்டையை வெட்டி அதன்மேல் ஒட்டினார். கனத்த தந்தி நோகவே, மெல்லிய தந்தி பூட்டினார். தகரம் வளைத்த கைக்கு இந்தத் தொழிலா தெரியாது?

நால்வரும் சேர்ந்த குழுவுக்கு 'பிளாக் சாபத்' என்று பெயர். 1969 அக்டோபர் 16. லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்திலே ஒரே நாளில், மேடையில் வாசிப்பது போலவே வாசித்து முடித்தனர். மழையும் இடியும் மணியோசையும் பிறகு சேர்க்கப்பட்டன. குழுவின் பெயரையே தாங்கி 1970 பிப்ரவரி 13-இல் வெளிவந்தது முதல் தட்டு.

ஏடுகளின் விமர்சகர்கள் எள்ளி நகையாடினர். மக்களோ வாங்கினர்! பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 8-ஆம் இடம். அமெரிக்காவில் 23-ஆம் இடம். பூவும் காதலும் பாடிய காலத்திலே, சம்மட்டி அடிபோல் கனத்து இறங்கிய அந்த ஓசை யாருடையது என்று ஆலை வாழ்வை அறிந்த காதுக்குச் சொல்லவா வேண்டும்? 'ஹெவி மெட்டல்' என்ற இசைவகையின் தொடக்கமே இந்தத் தட்டுதான் என்று இன்று பலரும் போற்றுகின்றனர்.

"விரல் போனதால்தானே புது இசை பிறந்தது!" என்று வியப்போர் உண்டு. நாம் அதை ஏற்கமாட்டோம். விரலை எடுத்தது இயந்திரம். இசையைக் கொடுத்தது மனிதன். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதலாகாது. டோனி எழுந்தார், ஊரறிந்தது. பழகாத இயந்திரத்தின் முன் நிறுத்தப்பட்டு, விரல் இழந்து, வேலையும் இழந்து, வீட்டு மூலையில் முடங்கியவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குத் தட்டுமில்லை, பட்டியலில் இடமுமில்லை.

2025 சூலை 5-இல், அதே ஆஸ்டனிலே உள்ள வில்லா பார்க் திடலில் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தனர். அந்த மாதம் 22-இல் ஆஸி மறைந்தார். அன்றைய மேடையிலும் டோனியின் விரல்களிலே தொப்பிகள் இருந்தன. அறுபது ஆண்டுகள் ஆகியும் அவை கழற்ற முடியாதவை, தோழர்களே!