கிளிப்பச்சைக்கு ராணி பார்டர்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்கிறது தலபுராணம். இங்கே விஜயராகவப் பெருமாளோடு இருக்கும் தாயாருக்கு மரகதவல்லி என்று பெயர். பெயரிலேயே பச்சை இருக்கிறது.

பறவையின் பெயர் கொண்ட ஊரில் நின்றால் எனக்குக் கிளிதான் நினைவுக்கு வரும். கோபுரப் பொந்துகளில் குடியிருக்கும் ஆண்கிளியை உற்றுப் பாருங்கள். உடம்பு முழுக்கப் பச்சை, கழுத்தில் மட்டும் ஒரு ரோஜா நிறக் கோடு. அந்தக் கோட்டைக் கொஞ்சம் அகலமாக்கினால் காஞ்சிப் பட்டுக் கடைகளில் சொல்லும் 'கிளிப்பச்சையில் ராணி பார்டர்' வந்துவிடும்.

பச்சையும் ராணி எனப்படும் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். இதற்குக் காரணம் சொன்னவர் மிஷேல் யூஜின் ஷெவ்ரூல், பாரிஸின் கோபெலின் நெசவுச்சாலையில் சாயப் பிரிவைக் கவனித்தவர். கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தபோது அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்து நூலின் நிறம்தான் கண்ணை ஏமாற்றியது. 1839-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார்.

ஆனால் பக்கத்தில் இருக்கும்வரைதான் இந்த அழகு. இரண்டும் கலந்தால் போச்சு. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஒன்றே ஓடும் தறியில் உடலுக்குப் போகும் பச்சை ஊடை, கரையில் நெடுக ஓடும் ராணிப் பாவுக்குள்ளும் புகுந்துவிடும். நாலடி தள்ளி நின்று பார்த்தால் கரை சாம்பல் பூத்துச் சோர்ந்திருக்கும். இதைத் தடுக்க நம் நெசவாளர்கள் கண்ட வழி கோர்வை. மூன்று நாடா: நடுவில் ஒன்று பச்சைக்கு, இரு கரைக்கும் ராணி நூலில் இரண்டு. ஒருவர் தறியில் உட்கார, இன்னொருவர் பக்கத்தில் இருந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் இந்த வேலை உண்டு. துணைக்கு ஆள் கிடைக்காததாலும் கோர்வைத் தறிகள் குறைந்துகொண்டே வருகின்றன. இது எனக்குப் பெரிய வருத்தம்.

ராணி கலர் ஆதிகாலத்தது என்று நினைக்க வேண்டாம். இந்தப் பளிச்சென்ற இளஞ்சிவப்பின் மூத்த உறவு மஜெந்தா. 1859-ல் பிரான்சில் பிறந்த செயற்கைச் சாயம். பழைய நாளில் அரக்குச் சிவப்புதான். பச்சைக்கோ நூலை அவுரி நீலத்திலும் மஞ்சளிலும் இரண்டு முறை தோய்த்தார்கள்.

இன்று கல்யாணப் பத்திரிகையோ கடைப் பலகையோ வரைகிறவர்களில் பலர் இந்த இரு நிறத்தையும் சரிபாதியாக வைக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவு பளிச்சென்று இருந்தால் அவை சேரும் ஓரம் கண்ணில் துடிக்கும், எழுத்தைப் படிக்கவே முடியாது. கிளியைப் போல ஒன்றை நிறைய, மற்றதைக் கொஞ்சமாக வைக்கலாம். அல்லது ஒன்றை ஆழமாக்கலாம். பட்டில் கரையோரம் ஓடும் ஜரிகைக் கோடும் இதே வேலையைச் செய்கிறது. இரண்டு நிறத்துக்கும் நடுவே கண்ணுக்கு இளைப்பாற இடம் கிடைக்கிறது.

அடுத்த முறை பட்டு எடுக்கப் போனால் கோர்வைப் புடவை ஒன்றைத் திருப்பிப் போட்டு, கரையும் உடலும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். லேசான தடிப்பு ஒன்று தட்டுப்படும். பச்சை இழையும் ராணி இழையும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு, அவரவர் பக்கம் திரும்பிப் போன இடம் அது.