நார் வளர்த்த உலகம் – 9: சக்கையில் எழுந்த சுவர்

ஹெம்ப் என்று பேச்செடுத்தாலே அதன் பயன்களைப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். 1938-இல் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ என்ற அமெரிக்கப் பத்திரிகை, டைனமைட் முதல் செலோபேன் வரை 25,000-க்கும் மேற்பட்ட பொருள்களை இதிலிருந்து செய்யலாம் என்று எழுதியது. முந்தைய ஆண்டுதான் அந்நாட்டு அரசு கஞ்சாவுக்கு வரி போட்டு, அதோடு சேர்த்து இந்தப் பயிரின் கழுத்தையும் நெரித்திருந்தது. ஆனால் அந்தக் கட்டுரையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 25,000 என்ற கணக்கு நாருக்குச் சொன்னதல்ல. நாரை உரித்தபின் எஞ்சும் உள்தண்டுக்கு, அதாவது சக்கைக்குச் சொன்னது. 25,000 என்பது மிகைதான். ஆனால் பார்வை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

செடி கஞ்சா இனம்தான். போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டாத ரகங்களை மட்டுமே ஐரோப்பாவில் தொழிலுக்காக விதைக்கிறார்கள். பிரான்ஸ் இதை ஒருபோதும் கைவிடவில்லை. சிகரெட் தாள் ஆலைகளுக்கு இந்த நார் வேண்டியிருந்தது. ஷாம்பெய்ன் மது விளையும் ஓப் மாவட்டத்தில், 1973-இல் விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து ஹெம்ப் ஆலையே தொடங்கிவிட்டார்கள்.

வசந்தத்தில் நெருக்கமாக விதைக்கிறார்கள். நான்கு மாதத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். கீழே வெயில் விழாததால் களை தலைதூக்காது, களைக்கொல்லிச் செலவு மிச்சம். வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பொலபொலப்பாக்குவதால் அடுத்து வரும் கோதுமைக்கும் லாபம். அறுத்த தட்டையைச் சில வாரம் வயலிலேயே பனியில் கிடக்கவிட்டால் பட்டையை ஒட்டியிருக்கும் பிசின் இளகும். முன்பெல்லாம் குளத்திலும் ஆற்றிலும் ஊறப்போடுவார்கள். நாற்றம் ஊரைத் தூக்கும், மீன் செத்து மிதக்கும். பசுமைப் பயிர் என்று புகழ்பவர்கள் இதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஆலையில் தட்டையை அடித்துப் பிரித்தால் நார் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தேறும். பாதிக்கு மேல் சக்கைதான். ஈரத்தை நன்றாக உறிஞ்சும் என்பதால் அதைக் குதிரை லாயத்தில் பரப்பினார்கள். 1986-இல் அதே ஓப் மாவட்டத்தின் நோஜான்-சுர்-சேன் ஊரில் சார்ல் ரசெட்டி என்பவர் பழைய மரச்சட்ட வீடு ஒன்றைப் புதுப்பித்தார். இத்தகைய வீடுகளைச் சிமென்டால் அடைத்தால் ஓதம் வெளியேற வழியில்லாமல் மரம் இற்றுப்போகும். அவர் சக்கையைச் சுண்ணாம்போடு கலந்து அடைத்தார். இன்று ஹெம்ப்கிரீட் எனப்படும் சுவர் அங்கேதான் பிறந்தது.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். கலவை தளதளவென்று இருக்கக்கூடாது. நனைத்த அவல் போல உதிரியாக வரவேண்டும். மரச்சட்டத்தின் இருபுறமும் சென்ட்ரிங் பலகை அடித்து, நடுவே கொட்டி, கட்டையால் லேசாகத் தட்டுகிறார்கள். ஓங்கி இடித்தால் காரியம் கெட்டது. இடையிடையே அடைபட்ட காற்றுதான் குளிரையும் வெயிலையும் தடுப்பது. பலகையைச் சீக்கிரமே கழற்றிவிடலாம். உள்ளே காய வாரக்கணக்காகும். அவசரப்பட்டுப் பூச்சு வேலையை ஆரம்பித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

இந்தச் சுவர் கனமீட்டருக்கு 300 முதல் 400 கிலோதான். கான்கிரீட் 2,400 கிலோ. ஆகவே பாரம் தாங்காது. கூரையைச் சுமக்க மரச்சட்டம் வேண்டும். சுவர் எளிதில் தீப்பற்றாது. பாரிசுக்கு அருகே குரோசி-போபூரில் 2021-இல் ஒரு விளையாட்டுக் கூடத்தையே ஹெம்ப் கற்களால் கட்டி முடித்தார்கள்.

ஒரு ஹெக்டேர் ஹெம்ப் 9 முதல் 15 டன் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்கிறது என்கிறது ஐரோப்பிய ஆணையம். துணியானால் சில ஆண்டில் கிழியும், காகிதமானால் எரியும். சுவரானால் அந்தக் கார்பன் வீடு நிற்கும் காலம்வரை உள்ளேயே கிடக்கும். அதனால்தான் ஹெம்ப் ஜீன்ஸைவிட இந்தச் சுவரை நான் பெரிதாக நினைக்கிறேன். சுண்ணாம்பு சுடும் காளவாயிலிருந்து வரும் புகையையும் கணக்கில் கழித்தாக வேண்டும் என்பது வேறு விஷயம்.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. எல்லோரா குகைகளின் மண்பூச்சில் கஞ்சாச் செடியின் தண்டைக் கலந்திருப்பதை ராஜ்தேவ் சிங், சர்தேசாய் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். ஹெம்ப் கலக்காத அஜந்தாவில் ஓவியங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. எல்லோராப் பூச்சில் அந்தச் சேதம் இல்லை.

உத்தராகண்ட் 2018-இல் உரிமம் கொடுத்துத் தொழில்முறைச் சாகுபடியைத் தொடங்கியது. மலையில் தானாக முளைக்கும் நாட்டுச் செடியில் டி.எச்.சி. பல இடங்களில் அனுமதிக்கப்பட்ட 0.3 சதவீதத்தைத் தாண்டுவதால், வீட்டு விதையை நம்பி விதைக்க முடியாது. விதைச் சிக்கல் தீர்ந்தாலும் ஆலை பக்கத்திலேயே இருக்கவேண்டும். ஓப் விவசாயிகள் ஆலையைத் தங்கள் வயல்களின் நடுவிலேயே வைத்துக்கொண்டது சும்மா அல்ல. எடை இல்லாமல் இடத்தை மட்டும் அடைக்கும் தட்டையை மலைப்பாதையில் லாரி ஏற்றி இறக்கினால், விற்ற காசு வாடகைக்கே சரியாகிவிடும்.