செல்லம்மாளும் இங்ரிடும்

குரும்பலூர்த் திண்ணையில் நாலு பாட்டிமார் உட்கார்ந்தால் ஒருத்தியாவது செல்லம்மாளாகவோ மதுராம்பாளாகவோ இருப்பாள். அதே ஊர் அரசுக் கல்லூரியில் இந்தப் பெயர்களைக் கூப்பிட்டால் எழுந்து நிற்க ஆள் இருப்பது சந்தேகம்.

பெயர்கள் வந்தது சிறுவாச்சூர்க் கோயிலிலிருந்து. அங்கே முதலில் இருந்தவள் செல்லியம்மன். ஒரு மந்திரவாதி அவளைக் கட்டிப்போட்டு ஆட்டிவைத்தான். மதுரையிலிருந்து வந்த காளி ஓரிரவு தங்க இடம் கேட்டாள், அவனை முடித்தாள். செல்லி இடத்தை அவளுக்கே விட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள் என்பது கதை. பெண் பிறந்தால் இருவரில் ஒருத்தி பெயர், பையனுக்குப் பெரியசாமி.

அப்பாவைப் பெற்றவள் பெயரைப் பேத்திக்கு வைப்பார்கள். வைத்த பிறகு வரும் சங்கடம். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? பிள்ளையைத் திட்டினாலும் மாமியாரைத் திட்டியதாகிவிடும். அதனால் வீட்டில் ‘பாப்பா’தான். பள்ளியில் சேர்க்கும்போதுதான் நிஜப் பெயர் வெளியே வரும்.

இன்று நட்சத்திர எழுத்து, எண் கணிதம், கைபேசியில் தேடல். ‘ஷ’வும் ‘ஸ்ரீ’யும் இல்லாமல் பெயர் முடிவதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது கூட்டுத்தொகைக்காக ஓர் எழுத்து கூடுதல். எல்லாவற்றுக்கும் நான் வருந்தமாட்டேன்: நாலாவதும் பெண் என்று ‘போதும்பொண்ணு’ வைத்த காலம் போனது நல்லதே.

ஸ்காண்டிநேவியாவில் நடந்தது நேர்மாறு. ‘இங்ரிட்’ என்ற பெயரின் முற்பாதி ‘இங்’ என்னும் பழைய தெய்வம், பிற்பாதி அழகு. கிறித்தவம் வந்து ஆயிரம் ஆண்டு ஆகிறது. அந்தத் தெய்வத்துக்குப் பூசை கிடையாது. பெயர் மட்டும் தப்பிப் பிழைத்தது. 1910இல் பிறந்த ஸ்வீடன் இளவரசிக்கு அந்தப் பெயர். அவளைப் பார்த்து 1915இல் ஸ்டாக்ஹோமில் ஒரு குழந்தைக்கு வைத்தார்கள், நடிகை இங்ரிட் பெர்க்மன். 2004இல் பிறந்த நார்வே இளவரசியும் இங்ரிட் அலெக்சாண்ட்ராதான்.

நமக்குக் காளி எங்கும் போகவில்லை. விசேஷ நாள் தவிர, திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும் கோயிலில் அன்றைக்கு நிற்க இடமிருக்காது. பெயர்தான் வீட்டைவிட்டுப் போய்விட்டது. அம்மனுக்குப் பயந்த சிலர் முதல் இரண்டு எழுத்தை விடவில்லை. மதுமிதா, மதுஸ்ரீ என்று வைத்து, மொட்டையடிக்க மட்டும் சிறுவாச்சூர் வருகிறார்கள்.