உயிரின் இலக்கணம்

உயிர் என்பது யாது? இக்கேள்வி வேதாந்திகளுக்கே உரியதென்று நம்மவரிற் பலர் ஒதுக்கி விடுகின்றனர். கல்லுக்கு உயிரில்லை, கன்றுக்கு உண்டு. இதைச் சொல்ல ஒரு சாஸ்திரமும் வேண்டுமோ என்று கேட்போரும் உளர். நமது அபிப்பிராயம் வேறு. இக்கேள்வியைப் பொருட்படுத்தாமையால் நம் வீடுகளில் மருந்தும் பணமும் விரயமாகின்றன. அது மட்டுமன்று, நோயின் வலிமையும் பெருகி வருகின்றது. எங்ஙனமென்பதை விளக்குவோம்.

ஜீவராசிகளின் லட்சணங்களென்று பாடப் புஸ்தகங்கள் சிலவற்றைக் கூறுகின்றன. உணவை ஏற்றுச் சக்தியாக மாற்றுதல், வளர்தல், புறத்தே நிகழ்வதை உணர்ந்து அதற்கேற்ப அசைதல், உள்நிலையைச் சமமாகக் காத்தல், இனம் பெருக்குதல், தலைமுறை தலைமுறையாகச் சிறுகச் சிறுக மாறி வருதல் என்பன அவை. ஆனால் இவற்றுள் ஒன்றை மட்டும் உரைகல்லாகக் கொண்டால் உடனே இடறுகின்றோம். நெருப்பு விறகை உண்கிறது, வளர்கிறது, பொறி விழுந்த கூரையிலெல்லாம் தன் இனத்தைப் பெருக்குகிறது. எனினும் அதை ஜீவன் என்பாரில்லை. கோவேறு கழுதை பெரும்பாலும் குட்டி ஈனுவதில்லை. பொதி சுமந்து மலையேறும் அப்பிராணியை உயிரற்றதென்று எவரே சொல்வர்? இஸ்ரேல் நாட்டின் மஸாதாக் கோட்டை இடிபாடுகளிற் கிடைத்த பேரீச்சங்கொட்டை ஒன்று, ஏறக்குறைய 2000 ஆண்டுகள் வளராமற் கிடந்து, 2005-ல் ஊன்றியபோது முளைவிட்டது.

இவற்றினும் பெரிய திகைப்பைத் தந்தது புகையிலைச் செடிக்கு வரும் ஒரு நோய். 1892-ல் ருஷ்ய விஞ்ஞானி இவானோவ்ஸ்கி, நோயுற்ற இலையின் சாற்றைப் பாக்டீரியாக்களும் புக முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடிந்த சாறும் நோயை உண்டாக்கிற்று. 1898-ல் ஹாலந்து தேசத்துப் பெய்ஜரின்க், இந்நோய்ப் பொருள் உயிருள்ள இலையிற் பெருகுமேயன்றி வெளியே பெருகாதென்று கண்டு, அதற்கு வைரஸ் என்று பெயரிட்டார். 1935-ல் அமெரிக்கரான ஸ்டான்லி அதைப் பிரித்தெடுத்து, உப்பைப் போலப் படிகமாக்கிக் காட்டினார். படிகத்தைக் கரைத்து இலையிற் தேய்த்ததும் நோய் மீண்டும் தோன்றியது! 1946-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசின் பங்கு வைத்தியத்துக்கன்று, ரஸாயனத்துக்கே என்பது கவனிக்கத்தக்கது.

வைரஸை ஜீவராசிகளுடன் சேர்ப்பதா, விலக்குவதா என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்றும் ஒருமித்த முடிவில்லை. நாம் கொள்ளும் முடிவு இது: உயிரென்பது தனிக்குடித்தனம். செல் எனப்படும் உயிரணு ஒவ்வொன்றும் ஒரு சிறு குடும்பம். அதற்குச் சுற்றுச்சுவர் போன்ற சவ்வு உண்டு. உணவைச் சக்தியாக்கும் அடுப்பு உண்டு. உறுப்புகளைச் செய்யும் பட்டறை உண்டு. முன்னோர் விட்டுச்சென்ற எழுத்தும் உண்டு. கோவேறு கழுதையின் உடலில் இக்குடித்தனம் குறைவின்றி நடக்கிறது. விதையில் அடுப்பு நீறு பூத்துக் கிடக்கிறது. நெருப்புக்கோ எழுத்துமில்லை, சுவருமில்லை. வைரஸிடம் எழுத்து மட்டுமே உண்டு. அடுப்பும் பட்டறையும் இல்லை. அஃது ஓர் உறையிலிட்ட கள்ள ஓலை. பிறர் பட்டறையிற் புகுந்து, அங்குள்ள ஆட்களைக் கொண்டே தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது. 2002-ல் அமெரிக்காவில் இளம்பிள்ளை வாத வைரஸின் எழுத்தை ரஸாயனச் சரக்குகளைக்கொண்டு கோத்தார்கள். ஆயினும் அவ்வெழுத்து முழு வைரஸ்களாகப் பெருகியது, உயிரணுக்களைச் சிதைத்தெடுத்த சாற்றிலேதான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1928-ல் பிளெமிங் கண்ட பென்ஸிலின், பாக்டீரியா தன் சுவரைக் கட்ட முடியாதபடி தடுக்கிறது. வேறு சில ஆன்டிபயாடிக் மருந்துகள் அதன் பட்டறையை நிறுத்துகின்றன. குடித்தனம் உள்ளவனிடத்திலன்றோ குடித்தனத்தைக் குலைக்க முடியும்? ஜலதோஷமும் இன்புளுவென்சாவும் வைரஸால் வருவன. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் விழுங்குவது, ஆளில்லாத வீட்டை முற்றுகையிடுவதற்கு ஒப்பாகும். வைரஸ்களுக்கென்று தனி மருந்துகள் சில உண்டு. வருமுன் காக்கத் தடுப்பூசிகளும் உண்டு.

வீண் செலவோடு இது முடிவதில்லை. நம் உடலில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. வேண்டாத மருந்து உட்சென்றால் எளியவை மடிகின்றன. எதிர்த்து நிற்க வல்லவை எஞ்சிப் பெருகுகின்றன. தலைமுறைதோறும் மாறி வருதல் என்னும் உயிரின் லட்சணமே அங்கே நமக்குப் பகையாக முடிகிறது. பின்னொரு நாள் நிமோனியாவால் தவிக்கும் குழந்தைக்கு அதே மருந்து பயன்படாமற் போகலாம். குறைந்த அளவில் உண்டால் பென்ஸிலினுக்கு அடங்காத கிருமிகள் தோன்றுமென்று பிளெமிங்கே 1945-ல் தமது நோபல் சொற்பொழிவில் எச்சரித்தார்.

ஆதலின், சளி பிடித்தவுடன் கடைக்காரரிடம் கேட்டு மாத்திரை வாங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். வந்திருப்பது எவ்வகை நோயென்று வைத்தியர் ஆராய்ந்து சொல்லட்டும். ஆன்டிபயாடிக் வேண்டாமென்று அவர் சொன்னால் அவரைக் குறை கூறாதிருப்போம். வேண்டுமென்றால் அவர் விதித்த அளவை விதித்தபடியே உண்போம். பள்ளிப் பிள்ளைகள் உயிரின் லட்சணங்களைப் பரீட்சைக்காக நெட்டுருப் போடுகின்றனர். அதன் பொருளைப் பெற்றோரும் அறிந்து நடப்பாராயின், அப்பாடம் பல உயிர்களைக் காக்கும் என்பது திண்ணம்.