ராமானுஜன் எழுதிய வேலை மனு

தாராவித் தம்பி ஒருவர், போன வாரம் ஒரு மனுவோடு என்னைத் தேடி வந்தார். நெல்லைச் சீமைக்காரர்.

"அண்ணாச்சி, ஒன்பது கம்பெனிக்கு அனுப்பிட்டேன். ஒரு பதிலும் இல்லை" என்றார்.

வாங்கிப் படித்தேன். ஒன்றரைப் பக்கம். அப்பாவுக்கு வாதம், கலியாணத்துக்கு இரண்டு தங்கைகள், ஊரில் மழை இல்லை, ஐயா மனது வைத்து வாழ்வு தரவேண்டும்... எந்த வேலைக்கு மனு என்பது மட்டும் இல்லை! நான் மெட்ரிக் முடித்து முதலில் எழுதியதும் இந்த ரகம்தான்.

கணித மேதை ராமானுஜனும் ஒரு காலத்தில் வேலை தேடி அலைந்தவரே. 1912 பிப்ரவரி 9-ந் தேதி, சென்னைத் துறைமுக அலுவலகத்துக்கு மனு எழுதினார். சில வரிகள்தான். குமாஸ்தா இடம் காலி என்று அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்று எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார். மெட்ரிகுலேஷன் தேறியது, எப்.ஏ. வரை படித்தது, சந்தர்ப்பம் சரியில்லாமல் படிப்பு நின்றது எல்லாம் அடுத்த வரியில். கலியாணம் ஆகி, கையில் காசில்லாத நேரம். அந்தக் கஷ்டத்தை அவர் விரிக்கவில்லை. முழு நேரமும் கணிதத்தில் ஈடுபட்டிருக்கிறேன், வேலையைச் சரியாகச் செய்வேன் என்று முடித்தார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த நற்சான்றையும் இணைத்தார். மார்ச் 1-ந் தேதி வேலையில் சேர்ந்தார். மாதச் சம்பளம் ரூ.30.

"சிபாரிசு இருந்திருக்கே!" என்றார் தம்பி. இருந்ததுதான். ஆனால் மனுவை அழகாக எழுத சிபாரிசு வேண்டாமே?

இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். எந்த விளம்பரம், எந்த வேலை என்பது முதல் வரி. "நல்ல அனுபவம் உண்டு" என்று எழுதியிருந்தார். என்ன அனுபவம் என்று துருவினேன். லாரி ஆபீசில் 2 வருஷம் கணக்கு, தினம் ஐம்பது, அறுபது பில், டாலி தெரியும், இந்தி, மராத்தி பேசுவார். இத்தனையும் பயோடேட்டாவின் அடியில் கிடந்தன! மேலே கொண்டுவந்தோம். பி.காம். பாதியில் நின்றதை மறைக்காமல் ஒரு வரி. இன்னொரு கூத்து, மனுவில் முந்தைய கம்பெனியின் பெயரே இருந்தது. அதையும் மாற்றினோம்.

அப்பாவின் வாதத்தை எடுக்கத்தான் அவருக்கு மனசே இல்லை.

"அது பொய்யில்லையே அண்ணாச்சி?"

"பொய்யில்லை தம்பி. வேலை கிடைத்தபின் அப்பாவுக்கு எழுது."

எட்டு வரியில் முடிந்தது. அங்கேயே செல்போனிலிருந்து அனுப்பினார். பத்தாவது மனு. பதில் இன்னும் வரவில்லை. தினமும் சாயங்காலம் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்.