முதுகுவலி: மாத்திரைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் இடையே

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலை பிரியும் ஊர் நாயுடுபேட்டை. லாரி ஓட்டுநர்கள், வயலில் குனிந்து நாற்று நடுவோர், நாள் முழுவதும் கல்லாவில் அமர்ந்திருக்கும் வணிகர்கள் என முதுகுவலியை அறிந்தோர் இங்கு பலர். வலி நீடித்தால் நாம் பெரும்பாலும் இரண்டு வழிகளையே எண்ணுகிறோம்: மருந்துக் கடை மாத்திரை, அல்லது திருப்பதியிலோ வேலூரிலோ சென்னையிலோ அறுவைச் சிகிச்சை. இவ்விரண்டுக்கும் இடையே பணியாற்றுபவர் வலி மருத்துவ நிபுணர்.

வலியைத் தனி மருத்துவத் துறையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஜான் பொனிகா. வலி மேலாண்மை குறித்த அவரது பெருநூல் 1953இல் வெளிவந்தது. இன்றும் இத்துறை மருத்துவர்களுள் பலர் மயக்கவியல் படித்தபின் தனிப் பயிற்சி பெற்றவர்களே.

இவர்களது முதற்பணி வலியின் ஊற்றைக் கண்டறிவது. வட்டு விலகல், முள்ளெலும்பு மூட்டுத் தேய்மானம், இடுப்பு மூட்டழற்சி ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே விதமாக வலிக்கக்கூடும். ஸ்கேனில் தெரியும் தேய்மானமே வலிக்குக் காரணம் என்றும் கூறிவிட இயலாது. வலியே இல்லாதவர்களிடமும் அது காணப்படுகிறது. ஆகவே ஐயத்திற்குரிய நரம்பருகே, எக்ஸ்ரே திரையைப் பார்த்தவாறு, சிறிதளவு மரப்பு மருந்தைச் செலுத்துகின்றனர். வலி தணிந்தால், அதன் ஊற்று அவ்விடமே என்பது பெருமளவு உறுதியாகிறது.

மூட்டுவலி எனில், அதனை உணர்த்தும் நுண்நரம்பை ரேடியோ அலை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யலாம். நரம்பு மீண்டும் வளரும்வரை, பலருக்குப் பல மாதங்கள் நிவாரணம் கிட்டும். வட்டு அழுத்தத்தால் காலில் பரவும் வலிக்கு, தண்டுவட உறையைச் சுற்றி ஸ்டீராய்டு மருந்து செலுத்தப்படுகிறது. தையல் தேவையில்லை, பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவர்.

எனினும் ஊசி நோயை அகற்றுவதில்லை. வலி தணிந்திருக்கும் காலத்தை நமக்கு அளிக்கிறது. அக்காலத்தில் உடற்பயிற்சியால் முதுகுத் தசைகளை வலுப்படுத்தாவிடில் வலி திரும்பக்கூடும். ஸ்டீராய்டு சில நாள்கள் இரத்தச் சர்க்கரையை உயர்த்தலாம். சர்க்கரை நோயாளிகளும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் அதனை முன்னரே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

சிறுநீர் அடைப்பு, மலத்தை அடக்க இயலாமை, தொடைகளின் நடுவே மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால் ஊசிக்காகக் காத்திருத்தல் கூடாது. உடனே பெரிய மருத்துவமனையை அடைய வேண்டும். காலந்தாழ்த்தினால் இழப்பு நிரந்தரமாகலாம்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவக் காப்பீடு பொதுவாக 24 மணி நேர உள்நோயாளிச் சிகிச்சைக்கோ, ‘டே கேர்’ எனப்படும் ஒருநாள் சிகிச்சைக்கோ உரியது. வெளிநோயாளியாகப் போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பணம் கிடைக்காமல் போகலாம். காப்பீடு எடுப்பதற்கு முன்பே முதுகுவலி இருந்திருப்பின் காத்திருப்புக் காலமும் உண்டு. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அது 3 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. ஆதலால் நாள் குறிக்கும் முன் சிகிச்சையின் பெயரையும் மதிப்பீட்டுத் தொகையையும் மருத்துவமனையிடம் எழுத்தில் பெற்று, காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலைக் கேட்டறிவோம். சேமிப்பைக் கரைக்காமல் நலம் பெற அதுவே வழி.